பிரான்ஸ் கிராமம் கற்றுத்தரும் பிரெஞ்சுச் சொற்கள்



பிறமொழி ஒன்றைக் கற்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் கையில் கிடைப்பது ஒரு சொற்பட்டியல். இடப்பக்கத்தில் அந்த மொழிச் சொல், வலப்பக்கத்தில் அதன் பொருள். இரவில் பத்துச் சொற்களைப் பாடமாக்குகிறோம். மறுநாள் ஆறு மிஞ்சுகிறது. கிழமை முடியும்போது இரண்டு மிஞ்சுகிறது. பரீட்சை முடிந்ததும் அவையும் போய்விடுகின்றன. "எனக்கு மொழி வராது" என்று பல மாணவிகள் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் சுளகு, அகப்பை, உரல், திருவலை என்ற சொற்களை நாம் எந்தப் பட்டியலிலும் படிக்கவில்லை. "அந்தச் சுளகை எடுத்துத் தாங்க மகள்" என்று உம்மா சொன்னபோது கையால் தொட்டுப் படித்தோம். அவற்றை யாரும் மறப்பதில்லை. இடத்தோடும் வேலையோடும் ஆளோடும் சேர்ந்து வரும் சொல் மனதில் தங்கும். தனியே வரும் சொல் தங்காது. உயர்தரத்தில் பிரெஞ்சு மொழியைக் கற்கும் ஒரு மாணவியாக நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். ஆகவே, பிரான்ஸ் நாட்டின் ஒரு கிராமத்துக்குள் நடந்துபோய் அதன் சொற்களைக் கற்றுப் பார்ப்போம். பாண் செய்பவரும், பால் கறப்பவரும், பழம் விற்பவரும் நடந்துபோகும் தூரத்திலேயே இருப்பதால் கிராமம் நல்லதொரு வகுப்பறை.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. பிரெஞ்சு ஒலிகளைத் தமிழெழுத்தில் முழுமையாக எழுத முடியாது. 'ன்' என்று முடியும் பல சொற்களில் அந்த ஒலி மூக்கால் மட்டும் வரும். நாக்கு மேலே தொடாது. இங்கே தருவது கைகாட்டி மட்டுமே. சரியான உச்சரிப்பை ஒலிப்பதிவில் கேட்டுப் பழகுங்கள்.

நம் வீட்டில் ஏற்கெனவே உள்ளவை

பிரெஞ்சு நமக்கு முற்றிலும் அந்நியமான மொழி அல்ல. நாம் உண்ணும் 'பாண்' போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பிரெஞ்சுக்காரர் அதனை 'பேன்' என்பர். போர்த்துக்கேயமும் பிரெஞ்சும் இலத்தீன் மொழியின் பிள்ளைகள் என்பதால் இவை இரண்டும் சகோதரச் சொற்கள். அவ்வாறே நமது 'குசினி' அவர்களிடம் 'குய்ஸீன்', நமது 'அலுமாரி' அவர்களிடம் 'ஆர்முவார்', நமது 'கதிரை' அவர்களிடம் 'ஷேஸ்'. கதிரையும் ஷேஸும் காதுக்கு ஒத்துவராவிட்டாலும் ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. ஆகவே குசினிக்குள் நின்றுகொண்டே நான்கு சொற்களுக்குச் சொந்தம் கண்டுவிட்டோம்.

காலை: பாண் கடை

பிரான்ஸ் கிராமத்தின் நாள் பேக்கரியில் தொடங்குகிறது. பாண் செய்பவர் 'பூலான்ஜே', அவரது கடை 'பூலான்ஜ்ரி'. கடைக்குள் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது "பொன்ஜூர் மதாம்" அல்லது "பொன்ஜூர் மெஸ்யே". ஸலாம் சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவது நமக்கு எப்படியோ, பொன்ஜூர் சொல்லாமல் பாண் கேட்பது அவர்களுக்கு அப்படி. பிறகுதான் "யூன் பகெத், சில் வூ ப்லே" என்று கேட்கலாம். 'ஒரு பகெத் தாருங்கள், தயவுசெய்து' என்பது பொருள்.

அந்த 'வூ' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. பிரெஞ்சிலோ 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதற்குத் தடுமாறுவார். தமிழ் பேசும் நமக்கு இது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். முன்பின் தெரியாத பெரியவரை எங்கே 'நீங்கள்' என்போமோ, அங்கே 'வூ' என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பாண் அவர்களுக்கு வெறும் உணவல்ல. 1993 இல் வெளியான ஓர் அரச ஆணைப்படி, 'பிரெஞ்சு மரபுப் பாண்' என்ற பெயரில் விற்கப்படும் பாணைத் தயாரிக்கும் எந்தக் கட்டத்திலும் குளிரில் உறையவைக்கக் கூடாது. கோதுமை மா, தண்ணீர், உப்பு, புளிக்கவைக்கும் ஈஸ்ட் அல்லது புளித்த மா என்பனவே அதன் அடிப்படை. 2022 இல் பகெத் செய்யும் கைத்திறனையும் அதனைச் சூழ்ந்த பண்பாட்டையும் யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்தது. நண்பனைக் குறிக்கும் 'கோபேன்' என்ற சொல்லுக்குள்ளும் 'பேன்' இருக்கிறது. பாணைப் பகிர்ந்து உண்பவன் என்பதே அதன் மூலப்பொருள். 'பாண்' என்ற ஒரு சொல்லைப் பிடித்தால் கடை, கடைக்காரர், நண்பர் என மூன்று சொற்கள் பின்னால் வருகின்றன.

பண்ணை: குடும்பமாக வரும் சொற்கள்

கடையிலிருந்து சற்று நடந்தால் பண்ணை. அது 'லா ஃபெர்ம்'. பண்ணையாளர் 'லெ ஃபெர்மியே', பெண்ணாயின் 'லா ஃபெர்மியேர்'. பசு 'லா வாஷ்', ஆடு 'லா ஷெவ்ர்', செம்மறி 'லெ மூத்தோன்', சேவல் 'லெ கொக்', கோழி 'லா பூல்'.

இங்கே 'லெ', 'லா' என இரண்டு வருகின்றன. பிரெஞ்சில் பெயர்ச்சொற்கள் யாவும் ஆண்பால் அல்லது பெண்பால். 'லெ' ஆண்பாலுக்கு, 'லா' பெண்பாலுக்கு. மேசைக்கும் வயலுக்கும் ஏன் பால் என்று தமிழர் வியக்கலாம். ஆனால் மதரஸாவில் அரபு படித்த நமக்கு இது புதிதல்ல. அரபில் சூரியனாகிய 'ஷம்ஸ்' பெண்பால், சந்திரனாகிய 'கமர்' ஆண்பால். பிரெஞ்சில் இது நேர்மாறு. சூரியன் 'லெ ஸொலேய்', சந்திரன் 'லா லூன்'. இப்படி ஒப்பிட்டுப் படித்தால் இரண்டு மொழியிலும் பால் மறக்காது. ஆகவே சொல்லைத் தனியே எழுதாதீர்கள். 'வாஷ்' என்று எழுதாமல் 'லா வாஷ்' என்றே எழுதுங்கள்.

பால் 'லெ லே'. பாற்கட்டி 'லெ ஃப்ரொமாஜ்'. பாற்கட்டி செய்யும் இடம் 'ஃப்ரொமாஜ்ரி'. பூலான்ஜ்ரி, ஃப்ரொமாஜ்ரி என்பவற்றின் கடைசி ஒலியைப் பாருங்கள். 'ரி' என்று முடிந்தால் பெரும்பாலும் அது செய்யும் அல்லது விற்கும் இடம். இந்த ஒரு விதி தெரிந்தால், முன்பு காணாத கடைப் பலகையையும் ஊகித்து வாசிக்கலாம்.

முட்டை ஒரு வேடிக்கையான சொல். ஒரு முட்டை என்றால் 'எஃப்' என்று முடியும். பல முட்டைகள் என்றால் எழுத்தில் நீளும், ஒலியில் குறையும். 'ஃப்' மறைந்து 'எ' மட்டும் நிற்கும். எருதைக் குறிக்கும் 'பெஃப்' என்ற சொல்லும் இப்படியே.

அந்தப் 'பெஃப்', 'மூத்தோன்' என்ற சொற்கள் உங்களுக்கு எங்கோ கேட்டவை போல் இருக்கும். ஆங்கிலத்தின் பீஃபும் மட்டனும் இவையேதான். 1066 இல் பிரான்ஸின் நோர்மண்டியிலிருந்து சென்றவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் தொழுவத்தில் நின்ற விலங்குக்கு ஆங்கிலப் பெயரும், மேசைக்கு வந்த இறைச்சிக்குப் பிரெஞ்சு வழிப் பெயரும் நிலைத்தன. பிரெஞ்சிலோ விலங்குக்கும் இறைச்சிக்கும் பெயர் ஒன்றே.

தோட்டம்: மரத்துக்கு ஒரு விதி

வீட்டை ஒட்டிய மரக்கறித் தோட்டம் 'லெ போத்தாஜே'. பழத்தோட்டம் 'லெ வெர்ஜே'. அப்பிள் 'லா பொம்', அதன் மரம் 'லெ பொமியே'. பேரிக்காய் 'லா புவார்', மரம் 'லெ புவாரியே'. அத்திப்பழம் 'லா ஃபீக்', மரம் 'லெ ஃபிகியே'. ஒலிவ் 'லா ஒலீவ்' என்று எழுதத் தோன்றும். ஆனால் உயிரொலிக்கு முன் 'லா' சுருங்கி 'லொலீவ்' ஆகும். அதன் மரம் 'லொலிவியே'. பழம் பெண்பால், 'இயே' சேர்ந்தால் மரம், மரம் ஆண்பால். மாங்காய், மாமரம் என்று நாம் சொல்வதுபோல ஒன்றைக் கற்றால் மற்றது தானாக வரும்.

உருளைக்கிழங்குக்கு அவர்கள் இட்ட பெயர் 'பொம் த தேர்', அதாவது 'மண்ணின் அப்பிள்'.

ஆங்கிலம் படித்தவர்கள் இங்கே ஓரிடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் 'ரேஸேன்' என்றால் புதிய திராட்சைப்பழம். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கள் உலர்ந்த திராட்சையைக் குறிக்கும். உலர்ந்ததைச் சொல்லப் பிரெஞ்சில் 'ரேஸேன் ஸெக்' என்று இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டும்.

சந்தை நாள்: அரபு பேசும் கூடைகள்

பல ஊர்களில் கிழமைக்கு ஒரு நாள் சந்தை கூடும். அது 'லெ மார்ஷே'. "கொம்பியேன்?" என்றால் 'எவ்வளவு?'. நிறை கிலோவில்தான் அளக்கப்பட்டாலும், அரைக்கிலோவை 'யூன் லீவ்ர்' என்று கேட்கும் பழைய வழக்கம் இன்னும் உண்டு. 'அன் லீவ்ர்' என்று ஆண்பாலில் கேட்டாலோ அது ஒரு புத்தகம்! பால் மாறினால் பொருளே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

சந்தைக் கூடைகளை எட்டிப் பார்த்தால் நமக்கு இன்னொரு வியப்புக் காத்திருக்கிறது. சீனி 'ஸூக்ர்' அரபின் 'ஸுக்கர்' என்பதிலிருந்து வந்தது. அந்த ஸுக்கர் சமஸ்கிருதச் சொல்லின் வழிவந்தது என்பதால் நமது 'சர்க்கரை'யும் அதற்கு உறவு. குங்குமப்பூ 'ஸஃப்ரான்' அரபின் 'ஸஃபரான்'. பருத்தி 'கொத்தோன்' அரபின் 'குத்ன்'. கத்தரிக்காய் 'ஒபெர்ஜீன்' அரபின் 'அல் பாதின்ஜான்'. பசளி போன்ற கீரையான 'எபினார்', 'அப்ரிக்கோ' என்ற பழம், 'ஆர்திஷோ' என்ற மரக்கறி ஆகியவையும் அரபின் வழியே வந்தவை. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினிலும் சிசிலியிலும் இந்தப் பயிர்கள் வளர்ந்தன. ஸ்பானிய, இத்தாலிய மொழிகளைத் தாண்டி அவை பிரெஞ்சுக் கிராமத்தை அடைந்தபோது பெயர்களும் கூடவே வந்தன.

பேச்சு வழக்கில் மூலை முடுக்கிலுள்ள சிறு கிராமத்தைப் பிரெஞ்சுக்காரர் 'லெ ப்லெத்' என்பர். இது வட ஆபிரிக்க அரபிலிருந்து வந்த சொல். ஸூரத்துல் பலத் ஓதிய நமக்கு அதன் மூலம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாதங்களுக்குப் பெயர் தந்த வயல்

கிராமத்துச் சொற்களால் ஒரு நாடே ஆண்டைக் கணக்கிட்ட காலமும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின் பின்னர், 1793 இல் புதிய நாட்காட்டி ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஃபாப்ர் தெக்லாந்தீன் என்ற கவிஞர் மாதங்களுக்குப் பெயர் அமைத்தார். ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாட்கள். இலையுதிர் காலத்தில் ஆண்டு தொடங்கியது. முதல் மாதம் திராட்சை அறுவடையின் பெயரால் 'வான்தெமியேர்'. மூடுபனிக்கு 'ப்ரூமேர்', உறைபனிக்கு 'ஃப்ரிமேர்'. பின்னர் குளிர்காலத்தில் வெண்பனிக்கு 'நிவோஸ்', மழைக்கு 'ப்ளூவியோஸ்', காற்றுக்கு 'வான்தோஸ்'. வசந்தத்தில் முளைவிடுதலுக்கு 'ஜெர்மினால்', பூக்களுக்கு 'ஃப்ளோரெயால்', புல்வெளிக்கு 'ப்ரெரியால்'. கோடையில் தானிய அறுவடைக்கு 'மெஸிதோர்', வெப்பத்துக்கு 'தெர்மிதோர்', கனிகளுக்கு 'ஃப்ரூக்திதோர்'. ஒவ்வொரு பருவத்தின் மூன்று மாதங்களும் ஒரே ஒலியில் முடிகின்றன. காதால் கேட்டே பருவத்தை அறியலாம்.

நாட்களுக்கும் பெயர் இருந்தது. பொதுவாக அந்தந்தக் காலத்துக்குரிய ஒரு செடி அல்லது விளைபொருள். ஐந்தில் முடியும் நாட்களுக்கு ஒரு விலங்கு. பத்தாம், இருபதாம், முப்பதாம் நாட்களுக்கு ஒரு கருவி. முதல் மாதத்தின் முதல் நாள் திராட்சை, இரண்டாம் நாள் குங்குமப்பூ, ஐந்தாம் நாள் குதிரை. இரண்டாம் மாதத்தின் பத்தாம் நாள் கலப்பை. வெண்பனி மாதத்தில் பயிர் இல்லாததால் கற்களுக்கும் கனியங்களுக்கும், ஏன் எருவுக்கும்கூட ஒரு நாள் கொடுத்தார்கள். 1806 சனவரி முதலாந் திகதியுடன் இந்த நாட்காட்டி கைவிடப்பட்டது. ஆனால் நாளுக்கொரு சொல் என்ற அந்த அமைப்பு, மொழி கற்பவருக்கு இன்றும் உதவும். அதனைப் பின்னர் பார்ப்போம்.

கிராமம் பேசிய மொழி எது?

இதுவரை 'பிரெஞ்சுக் கிராமத்துச் சொற்கள்' என்று சொல்லிவந்தேன். ஆனால் அந்நாளில் பிரான்ஸின் கிராமத்தவரில் பெரும்பாலானோர் பிரெஞ்சு பேசவே இல்லை. 1794 இல் கிரெகுவார் என்ற பாதிரியார் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், குறைந்தது 60 இலட்சம் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது என்றும், அதைச் சுத்தமாகப் பேசுபவர்கள் 30 இலட்சத்துக்கு மேல் இல்லை என்றும் மதிப்பிட்டார். மேற்கே பிரெத்தோன், தெற்கே ஒக்ஸித்தான், இன்னும் பாஸ்க், கத்தலான் என ஊருக்கு ஊர் மொழி வேறு. அந்த மொழிகளை ஒழிக்க வேண்டும் என்பதே அவரது அறிக்கையின் நோக்கம்.

1881, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆனது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரும் நன்மை. ஆனால் பாடசாலை மொழி பிரெஞ்சு மட்டுமே. பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய பாதணியையோ தொங்கவிடும் வழக்கம் பல பாடசாலைகளில் இருந்தது. வேறொரு பிள்ளை அம்மொழியைப் பேசக் கேட்டால் அதை அவளுக்கு மாற்றிவிடலாம். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவளுக்குத் தண்டனை. தன் தாய் பேசிய சொல்லுக்காகத் தோழியைக் காட்டிக்கொடுக்கப் பிள்ளைகள் பழக்கப்பட்டார்கள். 1951 இல் வந்த ஒரு சட்டமே இம்மொழிகள் சிலவற்றைப் பாடசாலையில் விருப்பப் பாடமாகக் கற்பிக்க முதன்முதலாக இடமளித்தது. அதற்குள் பல வீடுகளில் அவை பேசப்படாமலே போய்விட்டன.

ஆயினும் அந்தக் கிராமங்களிடம் பிரெஞ்சு கடன்பட்டிருக்கிறது. தேனீயைக் குறிக்கும் 'அபேய்', கோடையில் மரத்தில் இரைச்சலிடும் சில்வண்டைக் குறிக்கும் 'ஸிகால்' ஆகிய சொற்கள் தெற்கத்திய கிராமத்தவரின் மொழியிலிருந்து வந்தவை. இன்று தலைநகர் பரிசிலும் தேனீக்கு வேறு பெயர் இல்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மில் சிலர் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசத் தொடங்கியதும் உம்மும்மாமாரின் ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம். நமது வீட்டுத் தமிழை மற்றவர் முன்னால் பேச வெட்கப்படுகிறோம். நமது கழுத்தில் யாரும் கட்டை தொங்கவிடவில்லை, நாமே தொங்கவிட்டுக்கொள்கிறோம். பாணையும் குசினியையும் கதிரையையும் அரபுச் சொற்களையும் சேர்த்து வைத்திருக்கும் அந்தத் தமிழ்தான் இன்று பிரெஞ்சைக் கற்க நமக்குக் கைகொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

1793 ஆம் ஆண்டு நாட்காட்டியை நமது ஊருக்கு ஏற்ப அமைப்போம். ஒரு கொப்பியில் 30 கட்டங்கள் வரையுங்கள். நாளுக்கு ஒரு சொல். ஐந்தாம் நாள் விலங்கு, பத்தாம் நாள் கருவி. முதற் பத்து நாட்களுக்கு இவ்வாறு தொடங்கலாம்.

1. தேங்காய்: லா நுவா த கோகோ
2. அரிசி: லெ ரி
3. வாழைப்பழம்: லா பனான்
4. மாம்பழம்: லா மாங்
5. ஆடு: லா ஷெவ்ர்
6. மிளகு: லெ புவாவ்ர்
7. கறுவா: லா கனெல்
8. தேயிலை: லெ தே
9. உப்பு: லெ ஸெல்
10. மண்வெட்டி: லா ஊ

நான்காம் நாளில் சற்று நில்லுங்கள். 'மாங்' என்பது தமிழ், மலையாளம் பேசும் மண்ணிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுசென்ற 'மாங்காய்'தான். நாமும் அவர்களுக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறோம்.

சொல்லை எழுதும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, 'லெ' அல்லது 'லா'வுடன் எழுதுங்கள். இரண்டாவது, ஒரு வினையுடன் சேருங்கள். சேவலை மட்டும் எழுதாமல் "லெ கொக் ஷாந்த்", அதாவது 'சேவல் கூவுகிறது' என்று எழுதுங்கள். மூன்றாவது, அந்தப் பொருளைக் கையில் எடுக்கும்போது அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். உப்புப் போத்தலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 'லெ ஸெல்' என்றால் அதைப் பாடமாக்கத் தனியாக நேரம் தேவையில்லை.

சொற்கள் சேர்ந்தபின் மரபுத்தொடர்களுக்குச் செல்லலாம். அவற்றிலும் கிராமத்துச் சொற்கள் வருகின்றன. நிறைய வேலை இருக்கிறது என்பதற்குப் 'பலகையில் பாண் இருக்கிறது' என்பர். மயங்கி விழுவதற்கு 'அப்பிள்களுக்குள் விழுவது' என்பர். ஒருபோதும் நடக்காததைக் 'கோழிகளுக்குப் பல் முளைக்கும்போது' என்பர். பேச்சு திசைமாறிப் போனால் 'நமது செம்மறிகளிடம் திரும்புவோம்' என்பர்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சமைக்கும்போது "இதற்கு அந்த மொழியில் என்ன மகள்?" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவை கேளுங்கள். பதில் சொல்வதற்காகவே உங்கள் பிள்ளை தேடிப் படிப்பாள். பதிலுக்கு அவள், "இதற்கு உம்மும்மாவின் ஊரில் என்ன பெயர்?" என்று உங்களிடம் கேட்கட்டும். மாதம் 30 சொற்கள் என்றால் ஓராண்டில் 360 பிரெஞ்சுச் சொற்கள். அவற்றின் பக்கத்திலேயே, மறைந்துகொண்டிருக்கும் நமது ஊர்ச் சொற்களும் அதே கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். இன்றைக்கே முதற் கட்டத்தை நிரப்புங்கள் சகோதரிகளே!

உயர்தரக் கலைப்பிரிவு மாணவி